வேலையை விடாமல் மேற்படிப்பு: சேலத்தில் உள்ள வழிகளும் அவற்றின் பலனும்

சேலத்தில் பாலிடெக்னிக் முடித்து, ஏதேனும் ஒரு தொழிற்சாலையில் எட்டுப் பத்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்ட ஒருவருக்கு, மேற்கொண்டு படித்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. தனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பொறியியல் பட்டதாரி தனக்கே மேலதிகாரி ஆனதைப் பார்த்து அந்த எண்ணம் வரலாம். கணினியால் இயங்கும் புதிய இயந்திரம் ஒன்று ஷாப் ஃப்ளோருக்கு வந்து, அதைக் கற்றுக்கொள்ள இளையவர்கள் மட்டும் அனுப்பப்பட்டதாலும் வரலாம். எப்படி வந்தாலும், அவர் முன் இன்று உள்ள வழிகள் அவருடைய தந்தை காலத்தில் இருந்தவற்றைவிட மிக அதிகம். வேலையை விட்டு முழுநேரக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மாலை நேரத்தில் பகுதிநேர பி.இ. படிக்கலாம், தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டம் வாங்கலாம், இணையவழியில் குறுகிய காலப் படிப்புகளை முடிக்கலாம், ஏற்கெனவே தெரிந்த தொழிலுக்கே சான்றிதழ் பெறலாம்.

இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, இந்தச் சான்றிதழைப் பார்த்துச் சம்பளத்தையோ பதவியையோ உயர்த்தப்போகிறவர் யார் என்பது. இரண்டாவது, இன்னும் எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டியிருக்கிறது என்பது. பட்டத்தின் பெயர், கல்லூரியின் புகழ், உறவினர்கள் சொல்லும் யோசனை ஆகியவை இவ்விரண்டுக்கும் பிறகே வர வேண்டியவை.

பட்டம் என்பதே வேலைக்கு உறுதி என்ற நம்பிக்கையை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் (18 முதல் 23 வயதுள்ளவர்கள் நூறு பேருக்கு உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் எண்ணிக்கை) இந்தியாவில் 28.4 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 47 ஆக இருந்தது. பெருமைப்பட வேண்டிய எண் இது. ஆனால் வேலை கொடுப்பவரின் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் ஏறக்குறைய எல்லாமே பட்டதாரிகளுடையவை என்ற நிலைக்கும் இதுவே காரணம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதமாகவும், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதமாகவும் இருந்தது. படிப்பு வேலையைக் கெடுக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. வீட்டுச் சூழ்நிலை காரணமாகக் கிடைத்த வேலைக்குப் போயே ஆக வேண்டியவர் வேலையற்றவர் கணக்கில் வருவதில்லை. தகுதிக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்க முடிந்தவரே அந்தக் கணக்கில் வருகிறார். இருந்தாலும், கையில் உள்ள வேலையை விட்டுவிட்டுப் பட்டத்தை நம்பிப் போகிறவர், எத்தனை பேர் நிற்கும் வரிசையில் தானும் போய் நிற்கப்போகிறோம் என்பதை அறிந்துகொண்டே போக வேண்டும்.

அப்படியானால் தொழிற்கல்வியே போதும் என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் நாடுகளை ஒப்பிட்ட ஆய்வுகள் உதவுகின்றன. கல்வியின் பொருளாதாரத்தை ஆராயும் எரிக் ஹனுஷெக்கும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பதினொரு நாடுகளில் தொழிற்கல்வி கற்றவர்களையும் பொதுக்கல்வி கற்றவர்களையும் வயதுவாரியாக ஒப்பிட்டது. இளம் வயதில் தொழிற்கல்வி பெற்றவர்களுக்கே வேலை எளிதில் கிடைக்கிறது. ஆனால் வயது ஏற ஏற அந்த அனுகூலம் கரைந்து, நடுவயதைக் கடந்த பிறகு பொதுக்கல்வி கற்றவர்களே அதிக விகிதத்தில் வேலையில் நீடிக்கிறார்கள். தொழிற்பயிற்சி முறை மிக வலுவாக உள்ள ஜெர்மனி, டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிலேயே இந்தப் போக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது என்பது கவனிக்கத் தக்கது. ஒரு குறிப்பிட்ட இயந்திரத்துக்காகவும் ஒரு குறிப்பிட்ட முறைக்காகவும் கற்ற திறன் அந்த முறை மாறும்போது பயனிழக்கிறது. கணக்கும் மொழியும் வரைபடம் படிக்கும் அறிவும் புதியதைக் கற்க உதவுவதால் நீண்ட நாள் நிற்கின்றன.

சேலத்தின் டிப்ளமோக்காரருக்கு இந்த ஆய்வு சொல்வது என்ன? இருபது வயதில் அவர் எடுத்த முடிவு சரியானதே. அதனால்தான் பட்டதாரி நண்பர்கள் அலைந்துகொண்டிருந்த காலத்தில் அவர் சம்பளம் வாங்கினார். ஆனால் அவருக்கு முன்னால் இன்னும் இருபத்தைந்து, முப்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது; பாலிடெக்னிக்கில் கற்றதை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் காலம் முழுவதையும் கடத்துவது கடினம். ஆகவே அவர் தேட வேண்டியது, வேலையோடு இணைந்திருக்கும் அதே சமயத்தில் கணக்கையும் அடிப்படை அறிவியலையும் ஆழமாகக் கற்றுத்தரும் ஒரு படிப்பு. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வேலையை விட்டுவிட்டு லேட்டரல் என்ட்ரி (இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை) வழியாக மூன்று ஆண்டுகள் முழுநேரம் படிப்பது, படிப்பு முடித்து ஓரிரு ஆண்டுகளே ஆன, குடும்பப் பொறுப்பு இல்லாத இளைஞருக்குப் பொருந்தும். முப்பதை ஒட்டியவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று ஆண்டுச் சம்பளம் போவதோடு, முடித்து வெளியே வரும்போது கேம்பஸ் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் இருபத்தொரு வயதுக்காரர்களையே தேடிக்கொண்டிருக்கும்.

பகுதிநேர பி.இ. அதிகம் பேசப்படாத வழி. என் கணிப்பில் டிப்ளமோ முடித்தவருக்கு உள்ளவற்றில் சிறந்ததும் அதுவே. 1966இல் தொடங்கப்பட்ட சேலம் அரசு பொறியியல் கல்லூரி, கருப்பூரில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. பணி அனுபவமுள்ள டிப்ளமோக்காரர்களுக்கு அங்கே மாலை நேரத்தில் ஏழு பருவங்களாக நடத்தப்படும் இந்தப் படிப்புக்குக் கிடைப்பது அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.இ. பட்டம். உதவிப் பொறியாளர் பதவிக்கு விண்ணப்பிப்பதானாலும், பொதுத்துறை நிறுவனத்தில் உள்ளிருந்தே பதவி உயர்வு கேட்பதானாலும், யார் இந்தச் சான்றிதழைக் கேட்பார் என்ற முதல் கேள்விக்கு இங்கே தெளிவான விடை உண்டு. கணிதமும் இயந்திரவியலும் மின்னியலும் ஆய்வகத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்படுவதால், முப்பது ஆண்டு கழித்தும் எஞ்சி நிற்கும் அறிவு வேண்டும் என்ற இரண்டாவது எதிர்பார்ப்பும் நிறைவேறுகிறது. பகலில் ஒரு பம்பின் அதிர்வைக் கையால் தொட்டுப் பார்த்தவர், மாலையில் அதே அதிர்வின் சமன்பாட்டைக் கரும்பலகையில் பார்க்கும்போது, பதினெட்டு வயது மாணவருக்குக் கிடைக்காத ஒரு புரிதல் அவருக்குக் கிடைக்கிறது.

இதில் உள்ள இடர்ப்பாடு நேரம். உருக்காலைப் பகுதியிலோ மேட்டூரிலோ ஷிப்ட் முறையில் வேலை பார்ப்பவர், பிற்பகல் ஷிப்ட் வரும் வாரங்களில் வகுப்புக்கு வரவே முடியாது. மேட்டூரிலிருந்து ஓமலூர் வழியாகக் கருப்பூருக்கு வந்து, வகுப்பு முடிந்து வீடு திரும்பி, மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போவது மூன்றரை ஆண்டுகள் தாங்கக்கூடிய வாழ்க்கை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பகுதிநேர மாணவர்கள் அரியர் சுமையோடு நின்றுவிடுவதற்குச் சோர்வும் வருகைக் குறைவும்தான் பெரும்பாலும் காரணம். அறிவுக் குறைவு அல்ல. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே மேற்பார்வையாளரிடம் பேசி, ஜெனரல் ஷிப்டோ தொடர்ச்சியான காலை ஷிப்டோ எழுத்துமூலமாகப் பெற்றுக்கொள்வது நல்லது. அது கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்தால், இந்த வழியைத் தள்ளிவைப்பதே நேர்மையான முடிவு.

அடுத்தது தொலைநிலைக் கல்வி. 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1997இல் நிறுவப்பட்டு அதே கருப்பூர்ப் பகுதியில் இயங்கும் பெரியார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பிரிவு ஆகியவை சேலத்தாருக்கு எட்டும் தொலைவில் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பு, தபாலில் வரும் பாடநூல், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை தேர்வு என்று அமைந்திருப்பதால் ஷிப்ட் தொழிலாளிக்கு நேரத்தைப் பொறுத்தவரை இதுவே மிக வசதியானது. பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமமானவை என்று அறிவித்ததால், சட்டப்படியான தயக்கமும் பெருமளவு நீங்கியிருக்கிறது.

ஆனால் இந்த வழியில் காலை வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு உள்ளன. தெரியாமல் பணத்தையும் ஆண்டுகளையும் இழந்தவர்கள் இந்த மாவட்டத்தில் குறைவில்லை என்பதால் அவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசு 2009இல் பிறப்பித்த ஆணையின்படி, பத்தாம் வகுப்பு, மேல்நிலை அல்லது அதற்கு இணையானது, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்தவரின் பட்டமே அரசுப் பணிக்குத் தகுதியாகக் கொள்ளப்படும். மேல்நிலைக் கல்வி இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்து பெற்ற பட்டம், அறிவுக்கு எவ்வளவு பயன்பட்டாலும், அரசுப் பணிக்கான தேர்வில் பட்டமாக ஏற்கப்படுவதில்லை. ஆகவே பத்தாம் வகுப்போடு நின்றவர் தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வை முதலில் முடித்தாக வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவருக்கு ஒரு சலுகை உண்டு: தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு மொழித் தேர்வுகளை மட்டும் தனித்தேர்வராக எழுதினால் மேல்நிலைக்கு இணையான சான்றிதழ் கிடைக்கிறது. ஐ.டி.ஐ.க்காரர்களில் பலருக்கு இந்தச் சலுகை தெரிந்திருப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இரண்டாவது, பொறியியலைத் தொலைநிலையில் படிக்க இயலாது. 2017ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில உரிய அனுமதியின்றி அஞ்சல் வழியில் வழங்கிய பொறியியல் பட்டங்களைச் செல்லாதவையாகவோ மறுதேர்வுக்கு உட்பட்டவையாகவோ ஆக்கியது. இன்றும் வீட்டிலிருந்தபடியே பி.இ. என்று யாராவது விளம்பரம் செய்தால் அதை நம்ப வேண்டாம். டிப்ளமோக்காரர் தொலைநிலையில் பெறக்கூடியது பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ., பி.ஏ. போன்ற பட்டங்களே. அவை குரூப் 2 போன்ற தேர்வுகளை எழுதவும், மேற்பார்வைப் பணியிலிருந்து நிர்வாகப் பணிக்கு மாறவும், சொந்தத் தொழிலின் கணக்கு வழக்கைப் புரிந்துகொள்ளவும் உதவும். இயந்திரத்தோடு தொடர்புடைய பதவி உயர்வுக்கு அவை உதவப்போவதில்லை.

இணையவழிக் குறும்படிப்புகளில் நம்பத்தக்கது, ஐ.ஐ.டி.கள் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். சேர்வதும் காணொளிகளைப் பார்ப்பதும் இலவசம். தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதினால் சான்றிதழ். இத்தகைய படிப்புகளின் தரத்தில் எனக்கு ஐயமில்லை. முடிப்பவர் எண்ணிக்கையில்தான் ஐயம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய எட்எக்ஸ் என்ற இணையதளப் படிப்புகளைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வில், 2017-18இல் பதிவு செய்தவர்களில் படிப்பை முடித்தவர்கள் 3.13 சதவீதமே. கட்டணம் செலுத்திப் பதிவு செய்தவர்களிடையே அது 46 சதவீதமாக இருந்தது. முடிக்கும் எண்ணம் உறுதியாக உள்ளவர்களே பணம் கட்டுகிறார்கள் என்பதால், கட்டணம்தான் முடிக்க வைத்தது என்று சொல்லிவிட முடியாது. என்றாலும், தேர்வுக் கட்டணத்தை முதல் வாரத்திலேயே செலுத்திவிட்டு, கூடப் பணிபுரியும் இருவரையும் சேர்த்துக்கொண்டு படிப்பது நல்லது என்பேன். இச்சான்றிதழைச் சேலத்தின் சிறு தொழிற்கூட முதலாளி கேட்கப்போவதில்லை. கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் நிறுவனங்களில் வேலை மாற விரும்புபவருக்கு நேர்காணலில் பேச ஒரு பொருளாக அது அமையும்; அவ்வளவே.

ஏற்கெனவே கையில் உள்ள திறனுக்குச் சான்று பெறுவது வேறு வகை. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பகுதிகளில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் இருபது ஆண்டு கண்டவர்களிடம் இல்லாத திறன் எந்தக் கல்லூரியிலும் இல்லை. ஆனால் அவர்கள் கையில் ஒரு காகிதமும் இல்லை. முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற பெயரில் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் வழங்கப்படும் சான்றிதழ் அவர்களுக்கானது. பிரான்சில் 2002 முதல் நடைமுறையில் உள்ள முறையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அங்கே பணி அனுபவத்தை ஒரு குழு முன் ஆவணங்களோடு நிறுவிக்காட்டி, முழுப் பட்டத்தையே பெற முடியும். இங்கே கிடைப்பது பெரும்பாலும் அந்தத் தொழிலின் ஒரு படிநிலைச் சான்று. அதிலிருந்து டிப்ளமோவுக்கோ பட்டத்துக்கோ ஏறும் படிக்கட்டு, 2023இல் வந்த தேசிய மதிப்பீட்டுப் புள்ளிக் கட்டமைப்பில் (நேஷனல் கிரெடிட் ஃபிரேம்வொர்க்) எழுதப்பட்டிருக்கிறது, நடைமுறையில் இன்னும் கட்டப்பட வேண்டியிருக்கிறது. வங்கிக் கடன் கேட்கவும் வேறு ஊரில் வேலை தேடவும் அந்தச் சான்று உதவலாம் என்பதால், செலவில்லாமல் கிடைத்தால் பெற்றுக்கொள்ளலாம். அதற்காகக் கட்டணம் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம்.

இந்த வழிகளையெல்லாம் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, அவற்றைப் பிரிப்பது கட்டணத்தைவிட நேரமே என்று தெரிகிறது. பிற நாடுகளின் கொள்கைகள் இந்த இடத்தில்தான் நம்மிடமிருந்து வேறுபடுகின்றன. சுவீடன் 2022இல் கொண்டுவந்த உதவித் திட்டத்தின்படி, 27 முதல் 62 வயது வரை உள்ள, போதிய ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர், முழுநேரமாக 44 வாரங்கள் வரை படிக்கலாம். ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, சம்பளத்தில் 80 சதவீதம் வரை அவருக்குக் கிடைக்கும். சிங்கப்பூர் 2015இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தைத் தொடங்கி, 25 வயதைக் கடந்த குடிமக்களுக்கு 500 சிங்கப்பூர் டாலர் கற்றல் வைப்பாக அளித்தது. 2024இல் 40 வயதைக் கடந்தவர்களுக்கு மேலும் 4,000 டாலர் சேர்த்தது. படிப்புக் கட்டணம் மட்டும் போதவில்லை என்று உணர்ந்து, முழுநேரப் பயிற்சிக்குச் செல்லும் நடுவயதினருக்கு மாதாந்திர உதவித்தொகையையும் பின்னர் தொடங்கியது. மாறாக, இங்கிலாந்தில் 2012இல் பல்கலைக்கழகக் கட்டணம் உயர்த்தப்பட்ட பிறகு, பகுதிநேரமாகப் பட்டப்படிப்பில் சேர்வோர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பாதிக்கும் மேல் குறைந்தது. முழுநேர மாணவர்கள் குறையவில்லை. குடும்பத்தோடு இருக்கும் நடுவயதினர் செலவையும் நேரத்தையும் எவ்வளவு கூர்மையாகக் கணக்கிடுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு நாடுதோறும் நடத்தும் வயதுவந்தோர் திறன் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் உண்மை ஒன்று உண்டு: மேற்கொண்டு கற்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நன்கு கற்றவர்களே. இந்தியா அந்த ஆய்வில் பங்கேற்கவில்லை. ஆனால் நம் ஊர் நிலைமை இதற்கு மாறாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. மென்பொருள் நிறுவனத்தில் உள்ளவருக்குப் பயிற்சி நிறுவனச் செலவில் வருகிறது. ஜவ்வரிசி ஆலையிலும் நூற்பாலையிலும் உள்ளவர் தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. சேலத்தின் தொழில் முனைவோர் அமைப்புகள், பகுதிநேரம் படிக்கும் தொழிலாளிக்கு ஷிப்ட் மாற்றம் தருவதையும் தேர்வு நாள்களில் சம்பளத்தோடு விடுப்பு தருவதையும் ஒரு பொது நெறியாக ஏற்றுக்கொண்டால், அரசு புதிதாக ஒரு திட்டம் அறிவிக்காமலேயே நிலைமை மாறும்.

ஏற்காட்டில் இந்தக் கணக்கே வேறு. சேர்வராயன் மலையின் உள்கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடி இளைஞர் ஒருவர் மேல்நிலை முடித்துவிட்டுக் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கருப்பூரின் மாலை வகுப்பு அவருக்குப் பயன்படாது; வகுப்பு முடியும் நேரத்தில் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஊர் திரும்பப் பேருந்து கிடையாது. தொலைநிலைக் கல்வியே அவருக்கு எஞ்சும் பட்ட வழி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. அராபிகாக் காபிப் பழம் பறிக்கும் காலமோ நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை நீள்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வருமானம் வரும் வாரங்களிலேயே ஹால் டிக்கெட்டும் வருகிறது. ஆகவே அவர் சேரும்போதே தாள்களைப் பிரித்து, கடினமானவற்றை ஜூனுக்கு ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மூன்றாண்டுப் படிப்பை நான்கு, ஐந்து ஆண்டுகளில் முடிப்பதாகத் திட்டமிட்டாலும் தவறில்லை. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதற்கு இடம் தருகிறது.

பட்டம் வேண்டாம், தோட்டத்தையே நன்றாக நடத்தினால் போதும் என்று அவர் கருதினால், ஏற்காட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், சமவெளியில் சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அவை நடத்தும் ஓரிரு நாள் பயிற்சிகளுக்குப் பட்ட மதிப்பு எதுவும் இல்லை. ஆனால் மிளகுக் கொடியின் வாடல் நோயை நேரத்தில் கண்டறிவதற்கும், பறித்த பழத்தைத் தரம் பிரித்து உலர்த்திக் கூடுதல் விலைக்கு விற்பதற்கும் அவை உதவும். பலனைக் கொடுக்கப்போகிறவர் வேலை கொடுப்பவராக இல்லாமல் சந்தையாக இருக்கும்போது, சான்றிதழ் இல்லாத படிப்பும் முதல் கேள்விக்குச் சரியான விடையாகிவிடுகிறது.

திருமணத்துக்குப் பின் படிப்பையோ வேலையையோ விட்ட பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களிடம் பெரும்பாலும் மேல்நிலைச் சான்றிதழோ முடிக்காத பட்டமோ இருக்கிறது. முடிக்காமல் விட்ட பட்டத்தில் எத்தனை தாள்கள் மீதம் என்பதைப் பழைய பல்கலைக்கழகத்தில் எழுதிக் கேட்பதே முதல் வேலை. அவ்வப்போது அறிவிக்கப்படும் சிறப்புத் தேர்வு வாய்ப்பில் பழைய அரியரை முடிப்பது, புதிதாக மூன்றாண்டு தொடங்குவதைவிட எவ்வளவோ மேல். புதிதாகச் சேர்வதானால் தொலைநிலைப் பி.காம்.முடன் கணினிக் கணக்குப் பதிவையும் சேர்த்துக் கற்பது சேலத்தில் பயன் தரும். இளம்பிள்ளைச் சேலை வியாபாரமும் லீ பஜார் மண்டிகளும் கணக்கெழுதத் தெரிந்தவர்களை எப்போதும் தேடுகின்றன. பகுதிநேர வேலையாகவும் அது கிடைக்கும்.

எந்தப் பட்டத்தில் சேர்வதானாலும் பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை சில. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில், அந்தப் பல்கலைக்கழகம் மட்டுமல்லாமல் அந்தக் குறிப்பிட்ட படிப்பும், சேரும் ஆண்டும் இடம்பெற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2024 முதல் ஒவ்வொரு மாணவரும் தனக்கென ஓர் அடையாள எண்ணை அந்தப் பிரிவின் தளத்தில் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை வேறொருவர் செய்து தருவதாகச் சொன்னால் மறுத்துவிடலாம். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேரடியாகச் செலுத்தி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். ஏற்கெனவே அரசிலோ பொதுத்துறையிலோ பணியில் உள்ளவர்கள், சேர்வதற்கு முன்பே துறையின் அனுமதியை எழுத்தில் பெற்றுப் பணிப்பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். அனுமதி பெறாமல் படித்த பட்டம் பதவி உயர்வின்போது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாமல் போகக்கூடும்.